வளையம் போட்ட விளக்குகள்

ஐம்பத்தெட்டு வயதில் பாஸ்கலுக்கு மிஞ்சியிருந்த ஆசை ஒரு நாற்காலி. பதவி நாற்காலி இல்லை, பிளாஸ்டிக் நாற்காலிதான். அதில் அவர் உட்கார்ந்திருப்பதற்கு யாராவது சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் கூடுதல் நிபந்தனை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, மாதாவிடம்கூட. தச்சர் குடும்பத்திடம் நாற்காலி கேட்பது பொருத்தமான வேண்டுதல்தான். ஆனால் அந்த வீட்டிலும் யாரும் உட்கார்ந்து சாப்பிட்டதாகத் தெரியவில்லை.

மரக்காணம் உப்பளத்தில் அவர் இறங்கியது மீசை அரும்பிய வயதில். உப்பளத்தில் உட்கார இடம் கிடையாது. பாத்தியில் தண்ணீர், வரப்பில் சேறு, குவியலில் உப்பு. மூன்றிலும் உட்கார்ந்து பார்த்தவர்கள் உண்டு; இரண்டாவது தடவை உட்கார்ந்தவர்கள் இல்லை. தை பிறந்து பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்துவதில் தொடங்கி, உப்பு விளைந்து, பலகையால் வாரி, வரப்பில் குவித்து, ஐப்பசி மழை வந்து எல்லாவற்றையும் மூழ்கடிக்கும் வரை ஆள் நின்றபடியே இருக்க வேண்டும். மேலே வெயில். கீழே அதே வெயில் உப்பில் பட்டுத் திரும்பி வரும். முதலாளி கணக்கில் இருப்பது ஒரே வெயில், தொழிலாளிக்கு இரண்டு வெயிலுக்கும் ஒரே கூலி.

பாஸ்கல் இருந்த கூட்டத்துக்கு மேஸ்திரி ஆதிமூலம். அறுபதைத் தாண்டியவர். உப்பு எப்போது வாரலாம் என்பதைவிட, மழை எப்போது வரும் என்பதைச் சொல்லத்தான் அவருக்கு மேஸ்திரிப் பட்டம். உப்புக்கு மழை சக்களத்தி மாதிரி. ஒரு நாள் வந்து தங்கினால் போதும், பத்து நாள் சம்பாத்தியம் கரைந்துவிடும். ஆதிமூலம் நிலாவைப் பார்த்துக் குறி சொல்வார். நிலாவைச் சுற்றி வட்டம் கட்டியிருந்தால் மழை. அதற்கும் ஒரு கணக்கு உண்டு: கிட்ட வட்டம் எட்ட மழை, எட்ட வட்டம் கிட்ட மழை. அவருடைய அப்பா அதைச் சொல்லித்தான் பேர் எடுத்தார். ஆதிமூலமும் நல்ல பேர்தான் எடுத்திருந்தார், மூன்று வருஷத்துக்கு முன்புவரை.

இந்த மூன்று வருஷமாக அவருக்கு நிலா தினம் தினம் வட்டம் கட்டியது. பங்குனியில் கட்டியது, சித்திரை வெயிலில் கட்டியது, அக்கினி நட்சத்திரத்தில்கூடக் கட்டியது. "எட்ட வட்டம்டா, வாருங்கடா" என்று அவர் குரல் கொடுத்தால், சாப்பிட உட்கார்ந்தவர்கள் எழுந்து ஓட வேண்டும். பாதி விளைந்த உப்பை வாரிக் குவித்து, கீற்று போட்டு மூடி, கயிறு கட்டி, முதுகு நிமிர்த்தி வானத்தைப் பார்த்தால் அது துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். மறுநாள் வந்து கீற்றைப் பிரிக்க வேண்டும். வராத மழைக்காக இவ்வளவு வேலை செய்த கூட்டம் அந்தக் கரையில் வேறு கிடையாது. வேறு யாராவது மேஸ்திரியைக் கேள்வி கேட்டிருக்கலாம். ஆனால் பாஸ்கலும் அண்ணாந்து பார்த்தார், வட்டம் இருந்தது. கூட உப்பு வாரும் அஞ்சம்மாளும் பார்த்தாள், இருந்தது. வட்டம் இருக்கிறது, மழைதான் இல்லை. காலம் கெட்டுப்போச்சு என்று முடிவு செய்தார்கள். பாஸ்கலின் முழங்கால்கள் கெட்டுப்போனதும் அந்த மூன்று வருஷத்தில்தான்.

மார்கழியில் உப்பளம் ஏரியாகக் கிடக்கும். வேலை கிடையாது. வேலை இருக்கும்போது வரும் களைப்புக்கு ஒரு காரணம் சொல்லலாம். வேலை இல்லாதபோது வருவதற்கு என்ன பேர் வைப்பது என்று தெரியாமல் ஜனங்கள் அந்தக் காலத்தில்தான் சுற்றுலா போகிறார்கள். கிறிஸ்துமசுக்கும் புது வருஷத்துக்கும் நடுவில் ஒரு சாயங்காலம், மாதா கோயில் வாசலிலிருந்து புதுச்சேரிக்கு வேன் கிளம்பும். குடில் பார்க்க, சீரியல் லைட்டு பார்க்க. என்றோ ஒரு பங்குச் சாமியார் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய பிள்ளைகளுக்காக ஆரம்பித்துவைத்தது. பிள்ளைகள் இப்போது போனிலேயே லைட்டு பார்த்துவிடுவதால் பெரியவர்கள் அந்தச் சுமையை ஏற்றுக்கொண்டார்கள். இந்துக்களும் வருவார்கள். ஆதிமூலம் ஒரு வருஷம் தவறியதில்லை. நெற்றியில் விபூதியோடு டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, வழியில் வரும் ஒவ்வொரு கோயில் கோபுரத்துக்கும் கன்னத்தில் போட்டுக்கொள்வார். மேஸ்திரிக்கு முன் சீட்டு என்பது மட்டும்தான் அந்த வேனில் மாறாத வேதம்.

பாஸ்கலுக்குப் போக இஷ்டமில்லை. வேனில் போய் இறங்கி நின்று பார்த்து, ஏறி, இறங்கி, மறுபடி நின்று பார்க்க வேண்டும். உப்பளத்தில் செய்வதைத்தான் இங்கே காசு கொடுத்துச் செய்கிறோம் என்றார் மனைவியிடம். மனைவி ஆரோக்கியமும் அதே உப்பளத்தில் உப்புக் கூடை சுமப்பவள். அவள் நியாயம் வேறு. வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவாள். இறங்கச் சொன்னால் இறங்கி, பார்த்து, ஏறித் தூங்குவாள். வருஷத்தில் அவள் யாருக்கும் பதில் சொல்லாமல் தூங்குவது அந்த வேனில்தான் என்பதால் போயே தீர வேண்டும்.

ஆனால் இந்தத் தடவை பாஸ்கலுக்கும் போக ஒரு காரணம் கிடைத்தது. அவர்களுடைய மகள் கிறிஸ்டி புதுச்சேரியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். ஊரிலிருந்தே தினமும் பஸ்ஸில் போய் வருகிறவள். அவளோடு வேலை செய்யும் பெண்ணின் மாமா பிரபாகரன், செக்யூரிட்டி ஆட்களை வேலைக்கு வைக்கும் சூப்பர்வைசர். புதுச்சேரி எல்லையில் ஒரு மைதானத்தில் 'பனிக் கிராமம்' என்று கிறிஸ்துமஸ் கண்காட்சி போட்டிருந்தார்கள். அதன் கேட்டுக்கு ஆள் வைப்பதும் அவர்தான். கண்காட்சி முடிந்தாலும் கல்யாண மண்டபம், அபார்ட்மெண்ட் என்று வேறு கேட்டுகள் அவரிடம் இருந்தன. கிறிஸ்டி அப்பாவைப் பற்றிச் சொல்லிவைத்திருந்தாள். வேன் கடைசியாக நிற்பது அங்கேதான். ஆளை நேரில் பார்த்துவிடுகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார்.

"என்னா வேலைம்மா அது?" என்று கேட்டார் பாஸ்கல்.

"கேட்டுல சேர் போட்டு உக்காந்துக்கறதுதாம்ப்பா. வர்ற வண்டிய பாத்து நம்பர் சொன்னா போதும்."

சேர் என்ற சொல்லுக்குப் பிறகு அவள் சொன்னது எதுவும் அவர் காதில் விழவில்லை. வேட்டியை விட்டுவிட்டு, மகள் எடுத்துக்கொடுத்த பேண்ட்டைப் போட்டுக்கொண்டு வேனில் ஏறினார். அஞ்சம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்து, பொண்ணு பார்க்கப் போறியா பாஸ்கலு என்றாள்.

முதலில் மிஷன் வீதிக் கோயில். பிறகு ரயிலடிப் பக்கத்துக் கோயில். அதற்குப் பிறகு கடற்கரைச் சாலை. ஒவ்வொன்றிலும் குடில், குடிலில் வைக்கோல், வைக்கோலில் பாலன். மாடும் ஆடும் மண்டி போட்டு உட்கார்ந்திருந்ததைப் பாஸ்கல் கவனித்தார். பெத்லகேமில் அன்றைக்குச் சௌகரியமாக இருந்தது அவை மட்டும்தான். தச்சர் சூசையப்பர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். ஆயிரக்கணக்கான வருஷமாக நிற்கிறார்.

கோபுரத்திலிருந்து வாசல்வரை சீரியல் லைட்டுகள் அருவி மாதிரி இறங்கின. உப்பளக் கூட்டம் அண்ணாந்து நின்று ரசித்தது. இந்த வருஷம் வளையம் நல்லா போட்டிருக்கான் என்றாள் அஞ்சம்மாள். ஆதிமூலம் ஆமோதித்தார், போன வருஷம் வளையம் இத்தினூண்டு, இப்போது ஒன்றோடு ஒன்று இடிக்கிறது, அந்த அளவுக்கு முன்னேறிவிட்டார்கள் என்றார். புதுச்சேரிக்காரனுக்கு லைட்டு கைவந்த கலை என்று பாஸ்கலும் சேர்ந்துகொண்டார். உச்சியில் தொங்கிய நட்சத்திரத்துக்குக் கம்பியில் ஒரு வட்டச் சட்டம் இருந்தது. அதைத்தான் சொல்கிறார்கள் என்று கிறிஸ்டி நினைத்துக்கொண்டாள். ஆரோக்கியம் ஒரு தூணில் சாய்ந்து நின்று கொட்டாவி விட்டாள்.

பனிக் கிராமத்துக்குப் போய்ச் சேரும்போது எல்லோருக்கும் கால் கடுத்தது. அங்கே கட்டணம் கட்டி உள்ளே போனால் லைட்டில் செய்த மான், லைட்டில் செய்த வண்டி, லைட்டில் செய்த ஒரு குகை. குகையைத் தாண்டினால் பனி. ஒரு மெஷின் வைத்து சோப்பு நுரையை மேலிருந்து ஊதினார்கள். புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்க, ஜனங்கள் கையை விரித்துப் பனியை வாங்கினார்கள். வெள்ளைக்காரனுக்குப் பனி என்றால் பண்டிகை. நமக்குப் பனி என்றால் சளி. அஞ்சம்மாள் முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். ஆதிமூலம் துண்டால் காதைச் சேர்த்துக் கட்டிக்கொண்டார். வெள்ளையாகக் குவிந்து கிடந்ததைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் அஞ்சம்மாளின் விரல் அதில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தது. துப்பிவிட்டு, இதை எவனும் வாங்க மாட்டான் என்றாள்.

கிறிஸ்டி அப்பாவைத் தனியாக கேட்டுக்கு அழைத்துப் போனாள்.

நாற்காலி அங்கே இருந்தது. சிவப்பு நிறம், கை வைத்தது. அதன் பக்கத்தில் நீலச் சட்டை போட்ட ஒரு செக்யூரிட்டி நின்றுகொண்டிருந்தார், ஏறக்குறைய பாஸ்கல் வயது. நாற்காலி காலியாக இருந்தது. ஆள் நிற்கிறார், நாற்காலி காலியாக இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ளப் பாஸ்கலுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிரபாகரனைத் தேடிக் கிறிஸ்டி உள்ளே போன சமயத்தில் அவர் மெதுவாகக் கேட்டார்.

"உக்காரலையா?"

"இது சாருக்கு. ஜனம் இருக்கறப்ப நாங்க உக்காரக் கூடாது."

"ஜனம் எப்ப போவும்?"

"ஜனம் போனதும் கேட்ட சாத்திட்டு நாங்களும் போயிடுவோம்."

பாஸ்கல் அந்த நாற்காலியை இன்னொரு தரம் பார்த்தார். அதன் இருக்கையில் தூசி படிந்திருந்தது. சாரும் அதில் உட்காரவில்லை போலிருக்கிறது.

பிரபாகரன் வந்தார். மரியாதையான மனிதர். பெரியவரே என்று கூப்பிட்டு, எந்த ஊர், என்ன படிப்பு, சுகர் உண்டா என்றெல்லாம் கேட்டார். எட்டாவது என்றார் பாஸ்கல். சுகர் இல்லை, உப்புதான் என்று சொல்ல வந்து அடக்கிக்கொண்டார். அப்போது ஒரு கார் கேட்டுக்குத் திரும்பி, விளக்கைப் போட்டபடி நின்றது.

"அந்த வண்டி நம்பர் சொல்லுங்க, பாக்கலாம்."

பாஸ்கல் பார்த்தார். இரண்டு பெரிய வெளிச்சம். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வளையம், வளையத்துக்குள் வானவில். நடுவில் எங்கேயோ நம்பர் இருக்க வேண்டும்.

"வெள்ளை காருங்க."

"நம்பருங்க?"

"நல்ல வெள்ளைங்க."

பிரபாகரன் சிரிக்கவில்லை. சொல்லி அனுப்புகிறேன் பெரியவரே, பொங்கல் கழியட்டும் என்றார். எந்தப் பொங்கல் என்று சொல்லவில்லை.

கிறிஸ்டி வேனுக்குத் திரும்பும் வழியில் அந்த நம்பரை ஒரே மூச்சில் சொன்னாள், எழுத்தும் எண்ணும் சேர்த்து. எட்டாவது படித்தவருக்கு இதைப் படிக்கத் தெரியாதா என்று கேட்டாள். அந்த வெளிச்சத்தில் யாரால் படிக்க முடியும் என்று பாஸ்கல் திருப்பிக் கேட்டார். அவர் கேட்டது நிஜமான கேள்வி. மனிதப் பிறவிக்கு அது முடியாத காரியம் என்றுதான் நினைத்தார். மகள் முன்னாலேயே மனப்பாடம் செய்துவைத்திருக்கிறாள் என்றுகூட ஒரு சந்தேகம் ஓடியது.

"திரும்பி வர்றப்ப நீ அந்த செக்யூரிட்டிகிட்ட பேசினத கேட்டேம்ப்பா. நிக்கணும்னு சொன்னதும் உனக்கு மனசு மாறிடுச்சு. அதான் தெரியாத மாதிரி நடிச்ச."

நடிக்கவில்லை என்பது உண்மை. வேலை கிடைக்காததில் ஒரு சின்ன நிம்மதி இருந்தது என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லத் தெரிந்திருந்தால் அவர் உப்பளத்துக்குப் போயிருக்க மாட்டார்.

வேன் ஊர் திரும்பியது. கிறிஸ்டி அப்பாவோடு உட்காராமல் முன் வரிசைக்குப் போய்விட்டாள். அடுத்த மாதம் பாத்தி மிதிக்க வேண்டும், பிறகு வார வேண்டும், பிறகு மேஸ்திரியின் நிலாவுக்குப் பயந்து ஓட வேண்டும் என்று பாஸ்கல் தன் முழங்கால்களைத் தடவியபடி நினைத்துக்கொண்டார். பக்கத்தில் ஆரோக்கியம் ஜன்னலில் தலையைச் சாய்த்து வாய் திறந்து தூங்கினாள்.

கோட்டக்குப்பம் தாண்டியதும் வழக்கம்போல லைட்டு விமர்சனம் ஆரம்பித்தது. எந்தக் கோயில் லைட்டு உசத்தி என்பதில் அஞ்சம்மாளுக்கும் ஆதிமூலத்துக்கும் கருத்து வேற்றுமை. மிஷன் வீதியில் வளையம் பெரிசு என்றாள் அவள். பெரிசாக இருந்து என்ன, கலர் கம்மி. ரயிலடியில் வளையத்துக்கு உள்ளே பச்சை, வெளியே சிவப்பு என்று தனித்தனியாகத் தெரிந்தது என்றார் அவர். பின் சீட்டிலிருந்து இன்னும் இரண்டு பேர் ரயிலடிக்கு ஓட்டுப் போட்டார்கள். எல்லோரும் உப்பளத்து ஆட்கள்.

கிறிஸ்டி திரும்பிப் பார்த்தாள். "எந்த வளையத்த சொல்றீங்க எல்லாரும்?"

"லைட்ட சுத்தி போட்டிருக்கானே, அதாண்டி" என்றாள் அஞ்சம்மாள்.

"லைட்ட சுத்தி எங்க போட்டிருக்கான்?"

"எல்லா லைட்டுக்கும்தான். காசு வாங்குறானே, சும்மா வெறும் பல்ப மாட்டுவானா?"

கிறிஸ்டி ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். ரோட்டோரம் ஒரு டீக்கடை வந்தது. வாசலில் ஒரே ஒரு பல்பு, எந்தப் பண்டிகைக்கும் சம்பந்தமில்லாதது. அதில் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்குதே என்றாள் அஞ்சம்மாள். சின்னதா இருக்குது என்று திருத்தினார் ஆதிமூலம். டீக்கடைக்காரன் வசதிக்கு அவ்வளவுதான் என்று விளக்கமும் கொடுத்தார். அவள் வேனில் இருந்த சின்னப் பிள்ளைகளைக் கேட்டாள். அவர்கள் பல்பைப் பார்த்தார்கள், பெரியவர்களைப் பார்த்தார்கள், வளையமா என்றார்கள். கடைசியில் அவள் அப்பாவைப் பார்த்தாள்.

"உனக்கும் தெரியுதாப்பா?"

"தெரியாம என்ன? நம்ம வீட்டு பல்புலயே இருக்குதே. மங்கலா இருக்கும், பழைய பல்பு."

கிறிஸ்டி எழுந்து, ஆடுகிற வேனில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"லைட்டுல ஒண்ணும் இல்ல. யாரும் எதையும் போடல. அது உங்க கண்ணுல இருக்குது. புரை. வருஷம்பூரா அந்த உப்பு வெளிச்சத்துல நிக்கிறீங்கல்ல."

பல வருஷமாகப் பார்த்து வியந்த ஒரு கலைப்படைப்பு தங்கள் சொந்தத் தயாரிப்பு என்று தெரியவரும்போது ஜனங்கள் சந்தோஷப்படுவதில்லை. கண் முகாம் ஒவ்வொரு வருஷமும் வந்ததும், கண் நன்றாகத்தானே இருக்கிறது என்று ஒருத்தரும் போகாமல் இருந்ததும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஞாபகம் வந்திருக்கும்.

முதலில் வாயைத் திறந்தது ஆதிமூலம். அவர் திரும்பாமல், முன் கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார்.

"அப்ப நெலா?"

வலது பக்கம் கடல். அதற்கு மேலே நிலா ஏறியிருந்தது, கிட்டத்தட்ட முழு நிலா. எல்லோரும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். வட்டம் இருந்தது. கிறிஸ்டி பிள்ளைகளைக் கேட்டாள். ஒன்றுமே இல்லைக்கா என்றது ஒரு பிள்ளை.

"மூணு வருஷமா உன் நெலாவுக்கு பயந்து சோத்துல கைய வெச்சவங்கள ஓட உட்டியே மேஸ்திரி" என்றாள் அஞ்சம்மாள். திட்டத்தான் ஆரம்பித்தாள், நடுவிலேயே சிரிப்பு வந்துவிட்டது. தானும் ஆமாம் ஆமாம் என்று கூடவே ஓடியவள்தானே. ஆதிமூலம் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி நிலாவைப் பார்த்தார். துடைத்தால் போகிற வட்டமாக அது இல்லை. மரக்காணம் வருவதற்குள் இரண்டு கோபுரங்களுக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்ள மறந்துவிட்டார்.

கிறிஸ்டி பின்னால் வந்து அப்பா பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நெஜமாவே நம்பர் தெரியலையாப்பா?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?"

"நிக்கிறதுக்கு பயந்துட்டு பொய் சொல்றன்னு நெனச்சேன்."

பாஸ்கல் யோசித்தார். "அதுவும் கொஞ்சம் இருந்துச்சும்மா" என்றார்.

பொங்கல் கழிந்து முகாம் வந்தபோது பாஸ்கலும் ஆதிமூலமும் ஒரே வேனில் போனார்கள். கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கண்ணைக் கட்டிவிட்டால் பாத்தியை யார் மிதிப்பது என்று பேசி, மேஸ்திரி ஒரு ஆள், கால் முடியாத ஆள் ஒன்று என்று முடிவு செய்திருந்தார்கள். இருவருக்கும் ஒவ்வொரு கண்ணில் ஆபரேஷன் நடந்தது. கறுப்புக் கண்ணாடியும் சொட்டு மருந்தும் கொடுத்து, குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, தூசி படக் கூடாது, உப்பளப் பக்கமே போகக் கூடாது, வீட்டில் சும்மா உட்கார்ந்திருங்கள் என்றார் டாக்டர். எத்தனை நாள் என்று கேட்டார் பாஸ்கல். ஒரு மாசத்துக்கு மேலேயே ஆகும் என்றார். பாஸ்கல் நாற்பது வருஷமாக எதிர்பார்த்த உத்தரவு அது. அதை ஒரு கண்ணைக் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது.

கிறிஸ்டி ஒரு நாற்காலி வாங்கிவந்தாள். சிவப்பு நிறம், கை வைத்தது. வாசலில் போட்டு அதில் உட்கார்ந்தார். முதல் நாள் சொர்க்கமாக இருந்தது. இரண்டாம் நாள் இடுப்பு பிடித்தது. நான்காம் நாள், உட்கார்ந்திருப்பதும் ஒரு உழைப்புதான் என்று தெரிந்துகொண்டார். சாயங்காலம் தெருவிளக்கு எரிந்தது. மற்ற கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார், அதைச் சுற்றி ஒன்றும் இல்லை. மொட்டையாக, ஒரு புள்ளி மாதிரி இருந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருக்கிறது என்று கிறிஸ்டி சந்தோஷப்பட்டாள். பாஸ்கலுக்கு யாரோ எதையோ கழற்றிக்கொண்டு போய்விட்ட மாதிரி இருந்தது.

ஆரோக்கியம் விடியற்காலையில் எழுந்து சோறாக்கி வைத்துவிட்டு உப்பளத்துக்குப் போய் வந்தாள். அவர் மிதிக்க வேண்டிய பாத்தியையும் அவள் மிதித்தாள். மாசியில் முதல் உப்பு விளைந்தது.

மாசிப் பௌர்ணமி அன்று ஆதிமூலம் தன் கறுப்புக் கண்ணாடியோடு வந்து பக்கத்தில் நின்றார். இருவரும் ஆபரேஷன் செய்த கண்ணால் நிலாவைப் பார்த்தார்கள். கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது. வட்டம் இல்லை, வட்டத்தின் நிழல்கூட இல்லை. மேஸ்திரி முகத்தில் பழைய களை திரும்பியது. மழை கிடையாது, ஆளுங்க நிம்மதியா இருக்கட்டும், உப்பு இன்னும் இரண்டு நாள் பாத்தியிலேயே முற்றட்டும் என்று போனில் சொன்னார். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவருக்கு நிலா சுத்தமாகத் தெரிந்தது.

மறுநாள் சாயங்காலம் மழை கொட்டியது.

பருவம் தப்பிய மழை. கடல் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. போன் வந்ததும் ஆரோக்கியம் அடுப்பை அணைத்துவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு ஓடினாள். பாஸ்கலும் எழுந்தார். நீ உக்காந்திருய்யா, கண்ணு போயிடும் என்று தெருவிலிருந்தே கத்திவிட்டுப் போனாள். அவர் வாசல் சார்ப்புக்கு அடியில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தெருவில் ஒவ்வொருவராக ஓடினார்கள். அஞ்சம்மாள் ஓடினாள், சேலையை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு. இத்தனை வருஷமும் அந்த ஓட்டத்துக்குள்ளேயே இருந்ததால் அவர் அதை வெளியிலிருந்து பார்த்ததில்லை. இப்போது நல்ல கண்ணால் பார்த்தார். யாரும் வேகமாக ஓடவில்லை. ஓடுவதற்கான எல்லா அடையாளமும் இருந்தது, வேகம் மட்டும் இல்லை. எல்லோருக்கும் வயதாகியிருந்தது.

இருட்டி, தெருவிளக்கு எரிந்தபிறகு ஆரோக்கியம் வந்தாள். மழை தூறலாகியிருந்தது. தலையிலிருந்து சேறும் தண்ணீருமாக வழிந்தது. பாதி கரைந்துபோச்சு என்றாள். மேஸ்திரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வாயெடுத்து, அதற்கும் தெம்பில்லாமல் விட்டுவிட்டாள். பாஸ்கல் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"நீ உக்காரு."

"சேறா இருக்குது."

"கழுவிக்கலாம். உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்து ஒரு மாதமாகியும் அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கைகளை அதன் கைகள்மேல் வைத்துக்கொள்ளத் தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள். பாஸ்கல் பக்கத்தில் நின்றார், கேட்டில் நின்ற அந்த நீலச் சட்டைக்காரர் மாதிரி.

ஆரோக்கியம் தலையைப் பின்னால் சாய்த்துத் தெருவிளக்கைப் பார்த்தாள்.

"மழைக்கு லைட்டு எப்படி பூத்திருக்குது பாரு. சுத்தியும் என்னா பெரிய வளையம்."

பாஸ்கல் நல்ல கண்ணால் விளக்கைப் பார்த்தார். தூறலுக்கு நடுவில் ஒரு புள்ளி. அன்றைக்கு வேனில் கிறிஸ்டி எல்லோரையும் கேட்டாள். தூங்கிக்கொண்டிருந்தவளை மட்டும் எழுப்பிக் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

"அடுத்த முகாம் எப்ப வருதுன்னு கிறிஸ்டிகிட்ட கேக்கணும்" என்றார்.

"உன் இன்னொரு கண்ணுக்கா?"

"இல்ல."

ஆரோக்கியம் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும் என்று சொல்லி எழுந்திருக்கப் பார்த்தாள். பாஸ்கல் அவள் தோளில் கையை வைத்தார். கை பாரமாகத்தான் இருந்திருக்கும். பாரம் தூக்கக் கூடாது என்றுதான் டாக்டர் சொன்னார், வைக்கக் கூடாது என்று சொல்லவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் உக்காரு" என்றார். "நான் பத்தவைக்கிறேன்."